ஒரு நாள் முந்திப் பறித்த கொழுந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் பால் பொங்குவதுபோல் சட்டென்று வந்து சட்டென்று அடங்கிவிடும். இந்த வாயை வைத்துக்கொண்டு கூடலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பேக்டரியில் டீமேக்கராக இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம் என்பாள் என் மனைவி. டீமேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுக்கிறவன் என்றுதான் எங்கள் சொந்தக்காரர்களுக்கு நினைப்பு. கோயமுத்தூரில் கல்யாணம், காதுகுத்து என்று போனால், "ஏனுங் மாப்ள, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடறது" என்று கேலி வேறு. தேயிலைக் காட்டிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்து, தூளாக்கி, மூட்டை கட்டி வண்டியேற்றும் வரைக்கும் பேக்டரிக்குள் நடக்கும் அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. இதைச் சொன்னால் எவன் காதில் வாங்குகிறான்?

சமீபத்தில், கோடைமழை ஓயும் சமயத்தில் நடந்தது இது. எங்களுக்கு அப்போது காலம் சரியாக இல்லை. நாங்கள் அனுப்பிய தூளில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது என்று வாங்கினவர்கள் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மானேஜர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, இன்னொரு தடவை இப்படி ஒரு லோடு திரும்பி வந்தால் பேக்டரியைப் பூட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். பேக்டரியைப் பூட்டினால் காடு எதற்கு, ஆட்கள் எதற்கு? வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் இருக்கிற குடும்பங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? அந்தப் பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. என் முகத்திலும்தான்.

மருந்தடித்த காட்டில் ஏழு நாள் கைவைக்கக் கூடாது என்பது சட்டம். ஆபீஸ் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறது. எந்தக் காட்டில் என்றைக்கு மருந்தடித்தார்கள், என்றைக்குப் பறிக்கத் திறக்கலாம் என்று பார்ப்பது அந்தந்தக் காட்டு சூப்பர்வைசரின் வேலை. நான் சொல்லும் காட்டுக்கு சூப்பர்வைசர் ஒரு பெண். எங்கள் எஸ்டேட்டில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். அவளுடைய அப்பா அம்மா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இவள் இங்கேயே பிறந்து, பதினெட்டு வயதில் கூடையைத் தூக்கி, நாற்பதை நெருங்கும்போது முப்பது பெண்களுக்கு மேலே சூப்பர்வைசர் ஆனாள். மானேஜர் அவளைப் போடலாமா என்று கேட்டபோது, "பொம்பளையாளுக்கு எதுக்குங் சார் அந்த வம்பு? முப்பது வாயக் கட்டி மேய்க்கறது லேசுப்பட்ட காரியமா?" என்று சொன்ன ஆள் நான். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று திங்கட்கிழமை. மதிய எடை போட்டு, முதல் டிராக்டர் கொழுந்தை இறக்கிவிட்டுப் போயிருந்தது. மழைக்குப் பிறகு துளிர்த்த கொழுந்து, பார்க்கவே ஆசையாக இருந்தது. கொழுந்து வாட்டும் தொட்டி என்பது நீளமான மேடை. மேலே கம்பிவலை, அடியில் காற்றாடி. அதன் ஒரு முனையில் இந்தக் கொழுந்தைப் பரப்பியிருந்தார்கள். மற்ற காடுகளின் கொழுந்து இன்னும் வந்து சேரவில்லை. நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். தக்காளிச் சோறு.

முதல் வாய் எடுத்து வைப்பதற்குள் அவள் வந்து நின்றாள். காட்டிலிருந்து ஓடியே வந்திருப்பாள்போல, மூச்சு வாங்கியது. பூட்ஸெல்லாம் சேறு.

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"நாஞ் சோறு திங்கற வரைக்கும் தாங்காதா உன்ற தப்பு?"

"தாங்காதுங்க ஐயா. மருந்தடிச்ச மலைய ஒரு நாள் முந்தித் தொறந்துட்டேன். அந்தக் கொழுந்துதான் இப்ப ஒங்க தொட்டியில கெடக்கு." காட்டை மலை என்றுதான் அவர்கள் வீட்டில் சொல்வார்கள்.

எனக்குப் புரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை மருந்தடித்தது எனக்கும் தெரியும். விரலை மடக்கிப் பார்த்தேன். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு என்று போனால் திங்கள் ஏழு. "ஏழு சரியாத்தானே வருது?" என்றேன்.

"நானும் அப்பிடித்தாங்க ஐயா எண்ணுனேன்" என்றாள். "மருந்தடிக்கிற அண்ணன் அந்தப் பக்கம் வந்தாரு. ‘ஏம்மா, ஆறு ராத்திரிதானே ஆச்சு, அதுக்குள்ள எறங்கிட்டீங்களே’ன்னு கேட்டாரு. அப்பறந்தான் வெளங்குச்சு. அடிச்ச நாளச் சேக்கப்படாது. மறுநாள்லருந்துதான் ஒண்ணு. ஏழு ராத்திரி முழுசாக் கழிஞ்சிருக்கணும்."

எங்கள் ஆட்கள்தான் இப்படித் தப்புப் பண்ண முடியும். குழந்தை பிறந்தாலும் சரி, சாவு விழுந்தாலும் சரி, அன்றைய நாளையே ஒன்று என்று எண்ணிப் பழகினவர்கள் நாங்கள். மூன்றாம் நாள் என்றால் நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கும். பதினாறாம் நாள் காரியமும் அதே கணக்கு. அவளும் பிறந்ததிலிருந்து எண்ணின மாதிரியே இதையும் எண்ணிவிட்டாள். மருந்துக்கு நம்முடைய வழக்கம் தெரியுமா என்ன?

அப்போது நான் கேட்ட முதல் கேள்வியை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. "யாராருக்குத் தெரியும்?" என்றுதான் கேட்டேன்.

"அந்த அண்ணனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்கும் தெரியும்."

"அப்பறமென்ன? வாய மூடிட்டுப் போ. ஒரு நாள்ல என்ன குடியா முழுகிப்போகுது? மழை வேற பேஞ்சு கழுவீருக்கும். நீ போயி ஊரக் கூட்டுனீன்னா மொதல்ல உன்ற வேலதான் போகும், பாத்துக்க."

"போனாப் போகுதுங்க. கூடையத் தூக்கிக்கிட்டு மறுபடியும் பறிக்கப் போறேன். அது எனக்குத் தெரிஞ்ச வேலைதானே? இந்தத் தூளு திரும்பி வந்துச்சுன்னா எல்லாருக்குமில்ல போயிரும்?"  அந்தச் சூப்பர்வைசர் வேலைக்காக அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எஸ்டேட்டுக்கே தெரியும். வேலை கிடைத்த அன்றைக்கு லைன் முழுக்க வீடு வீடாகக் கேசரி கொடுத்தவள். "மொதல்ல அந்தக் கொழுந்தத் தனியா ஒதுக்கி வைங்க ஐயா. மத்ததோட கலந்துறாம பாத்துக்குங்க. பொம்பளைங்க சோப்புப் போட்டுக் கை கழுவிக்கிட்டு இருக்காங்க. அவங்கள டிஸ்பென்சரியில காட்டி, வேற மலைக்கு அனுப்பிட்டு ஓடியாந்துர்றேன். வந்ததும் ரெண்டு பேரும் சார்கிட்டப் போயிச் சொல்லுவோம்."

"சரி, சரி, போ" என்றேன். அவள் நம்பிப் போனாள்.

நான் ஒதுக்கவில்லை. ஒதுக்கச் சொன்னால் தொட்டியில் நிற்கும் ஆட்கள் ஏன் எதற்கு என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்லவேண்டும், பதில் சொன்னால் பேக்டரியைப் பூட்டுவார்கள், பூட்டினால் இந்த வயதில் எனக்கு எவன் வேலை கொடுப்பான் என்று என் புத்தி எங்கெங்கோ ஓடியது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது டிராக்டர் வந்தது. நல்ல காடுகளின் கொழுந்து அது. ஆட்கள் கூடை கூடையாகக் கொட்டினார்கள். தொட்டி முழுக்க ஒன்றாகப் பரப்பிக் கிளறிவிட்டார்கள். "நில்லுங்கடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தரையில் ஒரு கைப்பிடி கொழுந்து சிந்தினால் கூரை அதிரக் கத்துகிறவன் நான். அன்றைக்கு டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வந்து தொட்டியைப் பார்த்தாள். மெதுவாக, "ஒதுக்கலீங்களா ஐயா?" என்றாள்.

"நீ பண்ணுன கூத்துக்கு நாந்தான் கெடச்சனா?" என்று எகிறினேன். குற்றமுள்ளவனுக்குத்தான் குரல் உயரும் என்பதை அன்றைக்கு என்னிடமே பார்த்துக்கொண்டேன். அவள் திரும்பி, ஆபீசுக்குப் போகும் படிகளில் ஏறினாள். நான் வாசல்வரைக்கும் போய், அவளைக் கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமலே நின்றேன். போனாள், போயே விட்டாள்.

மானேஜர் மலையாளி. என்னைவிடச் சின்னவர், அதிகம் பேசாதவர். அவளோடு இறங்கி வந்தவர் முதலில் காற்றாடியை நிறுத்தச் சொன்னார். பேக்டரி அமைதியாகிவிட்டது. "எந்து பற்றி? ஆதியிலேருந்து பறயு" என்றார் அவளைப் பார்த்து. என்ன ஆச்சு, முதலிலிருந்து சொல் என்கிறார்.

அவள் சொன்னாள். நாட்களை எண்ணினது நான், தப்பாக எண்ணினதும் நான், காட்டைத் திறந்ததும் நான் என்று வரிசையாகச் சொன்னாள். மருந்தடித்த ஆட்கள் மேலே பழி போடவில்லை. அடித்த நாளும் சேருமா என்று சுவரில் தெளிவாக இல்லை என்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம், உண்மையிலேயே தெளிவாக இல்லை. என்னைப் பற்றி ஒரு சொல்கூட எடுக்கவில்லை.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் கலந்தப்போ உங்களுக்கு விஷயம் தெரியுமோ?"

"இப்பத்தானுங் சார்…" என்று ஆரம்பித்துவிட்டேன். அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாட்டிவிடவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்து நின்றாள், அவ்வளவுதான். அவள் ஒரு முறை முறைத்திருந்தால்கூட அந்தக் கோபத்திலேயே நான் பொய்யை முடித்திருப்பேன். தனக்கு இருந்த ஒரே வேலையை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டு நிற்கிறவள் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பொய்யை முடிக்க என்னால் ஆகவில்லை.

"இல்லீங் சார்" என்றேன். "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே வந்து சொல்லிருச்சு. தனியா ஒதுக்கி வைக்கச் சொல்லுச்சு. நாந்தான் வைக்கல. அப்பவே ஒதுக்கியிருந்தா அந்த ஒரு காட்டுக் கொழுந்தோட போயிருக்கும். மொத்தமும் கெட்டது என்னாலதானுங்."

சொல்லி முடித்ததும் செருப்புக்குள் கிடந்த கல்லை உதறிப்போட்ட மாதிரி இருந்தது. அடுத்து என்ன வருமோ என்ற பயம் போகவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரமும் மார்பை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது, அப்பாடா என்று இருந்தது.

மானேஜர் தொட்டியின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை நடந்து, ஒரு கொழுந்தைக் கையில் எடுத்துக் கீழே போட்டார். "எல்லாத்தையும் குழியில தட்டுங்கோ. ஒரு இலைகூட பாக்கி இருக்கக் கூடாது. தொட்டியக் கழுவிவிடுங்கோ" என்றார். படியேறப் போனவர் திரும்பி, "ரெண்டு பேரும் நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வாங்கோ. அங்க பாக்கலாம்" என்றார். பெரட்டு என்பது விடிந்ததும் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, பெயர் கூப்பிட்டு, காடு பிரித்து அனுப்பும் இடம். பேக்டரி ஆளான எனக்கு அங்கே வேலையே இல்லை. வரச் சொன்னால் என்ன அர்த்தம்?

ஆட்களோடு ஆளாக நானும் கொழுந்தை அள்ளிக் குழியில் கொட்டினேன். அவ்வளவு நல்ல கொழுந்து! பெற்ற பிள்ளையை அடிப்பதுபோல் வலித்தது.

சாயங்கால எடைக்குப் பெண்கள் வந்து சேர்ந்தபோது மானேஜரும் தராசுப் பக்கம் வந்து நின்றார். "நான் சொல்லணுமா?" என்று அவளிடம் கேட்டார். "எங் கேங்கு சார். நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று சொன்னாள். "காலையில நீங்க பறிச்சதெல்லாம் குழிக்குப் போச்சு. மத்த மலைக் கொழுந்தும் அதோட போச்சு. நாள நான் தப்பா எண்ணிட்டேன். அந்த எடை யாருக்கும் கூலிக் கணக்குல சேராது. தப்பு என்னோடது, ஒங்களது இல்ல."

அந்த முப்பது பேர் கேங்கில் ஓர் அம்மாள் இருந்தாள், வாய்க்கு எனக்கே பெரியம்மா. அவள் ஆரம்பித்தாள் பாருங்கள். "அடிப்பாவி! மழையில நனஞ்சு, அட்டைக்கு ரத்தங் குடுத்து, கை வீங்கப் பறிச்சதடி அது! எண்ணுறதுக்கு ஒனக்கு வெரல் இல்லையா?"

"வெரல வெச்சுத்தாங்க்கா எண்ணுனேன். அதான் தப்பாப் போச்சு."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சூப்பர்வைசரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். பெட்டி மேலிருந்து இறங்காமல் அவள் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். பாதி வசவு எனக்குச் சேரவேண்டியது என்று எனக்குத் தெரியும். நான் தூணோரமாக நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. மானேஜரிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது, இவர்களிடம் வேறு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு என் மனைவி, "அந்தப் பொம்பளையாளு ஒத்தையா நின்னு திட்டு வாங்குச்சு, நீங்க தூணுக்கு முட்டுக் குடுத்துட்டு நின்னீங்களாக்கும்?" என்றாள். 

மறுநாள் காலையில் பெரட்டில் பனிமூட்டம். பெண்கள் தலையில் துணியும் இடுப்பில் சாக்குமாக வரிசையில் நின்றிருந்தார்கள். அந்த வரிசையில் கடைசி ஆளாக அவளும் நின்றாள். முதுகில் கூடை. பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நிற்கவேண்டியவள் பழையபடி பறிக்கத் தயாராக வந்து நிற்கிறாள்.  அவளை யாரும் வேலையிலிருந்து எடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். 

மானேஜர் ஜீப்பிலிருந்து இறங்கினார். "லிஸ்ட் எவிடே?" என்றார்.

"ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துட்டேன் சார். புது ஆளு வருவாங்கன்னு."

"யாரு புது ஆளு? நான் யாரையும் போடலையே?" என்றவர் ஜீப்புக்குள் கையை விட்டுப் பட்டியலை எடுத்தார். வருகிற வழியில் ஆபீசில் பார்த்து எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். "தப்பு யாரும் பண்ணும். எனக்கு வேண்டியது, தப்பு நடந்தா ஓடிவந்து சொல்ற ஆளு. அந்த ஆளு கிடைச்சாச்சு. கூடைய எறக்கி வை." அவள் அசையவில்லை. பக்கத்தில் நின்ற பெண்தான் கூடையின் கயிற்றை அவள் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். பட்டியலை வாங்கினவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வரிசை முழுக்க ஒரே சலசலப்பு.

அடுத்து மானேஜர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் வேலை இருக்கு, போய்ப் பாருங்கோ. ஆனா இவங்களுக்கு இன்னும் முழு விஷயம் தெரியாது" என்றார்.  

நான் முன்னால் போய் நின்றேன். முப்பது பெண்கள் பார்க்கிறார்கள். "நேத்து அவ்வளவு கொழுந்தும் போனது இவளால இல்லீங்க" என்றேன். "இவ வந்து ஒதுக்கி வைக்கச் சொன்னா. நாம் பயந்துட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அதுக்குள்ள எல்லாங் கலந்துபோச்சு. சாயங்காலம் நீங்க திட்டறப்பவும் நாம் பேசாமத்தான் நின்னேன்."

அந்த வாய்க்காரி இரண்டு அடி முன்னால் வந்தாள். "இத நேத்தே சொல்லக் கூடாதா? ஒங்களுக்கு வரவேண்டியதையும் சேத்துல்ல இவளத் திட்டித் தொலச்சுட்டேன்!"

"இப்பத் திட்டுங்க, வாங்கிக்கறேன்" என்றேன்.

விடுவாளா? திட்டினாள். டீமேக்கராக வந்த நாளிலிருந்து என் வாய்க்கு நான் வாங்கவேண்டியிருந்த பாக்கி அத்தனையும் சேர்த்துத் திட்டினாள். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். மானேஜர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலை போகவில்லை, பேக்டரி பூட்டவில்லை, இனி யாரிடமும் எதையும் மறைக்கவேண்டியதும் இல்லை. பச்சைத் தண்ணீரில் தலை முழுகின மாதிரி இருந்தது.

"போதுங்க்கா, நேரமாகுது" என்று அவள்தான் நிறுத்தினாள். குரல் பழையபடி சூப்பர்வைசர் குரலாகிவிட்டது. பட்டியலைப் பிரித்தவள் பெயர் கூப்பிடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அந்த மலைல நேத்துப் பறிச்சது போக மிச்சத்த இன்னிக்கு எடுக்கலாம்னு இருக்கேன். ஏழு ராத்திரியும் போயிருச்சுன்னு நெனக்கிறேன். எனக்கு இப்ப என் எண்ணிக்கை மேலயே நம்பிக்கை இல்ல. எடுத்தா ஒங்க தொட்டிக்குத்தான் வரப்போகுது. நீங்க ஒருக்கா எண்ணிச் சொல்லுங்க."

நேற்று நம்பி ஏமாந்தவள் மறுபடியும் என்னிடமே வந்து கேட்கிறாள். எல்லோர் முன்னாலும் கையை நீட்டி, ஒவ்வொரு விரலாக மடக்கி, இந்தத் தடவை பகலை விட்டு ராத்திரியை மட்டும், செவ்வாய் ராத்திரி ஒன்று என்று ஆரம்பித்தேன். மூன்றாவது விரலிலேயே பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். திங்கள் ராத்திரி ஏழு என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்லி முடித்தோம். தப்பிருக்கக் கூடாதே என்று நான் மறுபடியும் முதலிலிருந்து ஒரு தடவை எண்ணினேன்.

"சரியா இருக்குதும்மா" என்றேன். "பறிச்சு அனுப்பு. நாந் தொட்டியிலயே நிக்கறேன்."